கடைக்குட்டிக்கு வேறு கோடு

கோட் ரிவ்யூ (எழுதிய நிரலைச் சக ஊழியர் படித்துக் கருத்துச் சொல்வது) ஒன்றில் இப்படி ஒரு வரி வந்தது: "ஆப்ஜெக்டை மரம் மாதிரி வரைந்து காட்ட தனியாக ஒரு ஃபங்ஷன் எதற்கு? ஜேசானாக மாற்றி இரண்டு ஸ்பேஸ் இன்டென்ட் வைத்து அச்சிட்டால் போதாதா?" (ஆப்ஜெக்ட் என்பது விசை எனும் பெயரும் அதன் மதிப்பும் ஜோடி ஜோடியாக அடங்கிய தரவு. ஜேசான் அதை எழுத்தில் எழுதும் ஒரு வடிவம். இன்டென்ட் என்பது வரியின் முன்னால் விடும் இடம்.) கேட்டவர் மேல் தப்பே இல்லை. ஒரே வரியில் முடிகிற வேலைக்கு ஒரு கோப்பு முழுக்க கோட் எழுதி, அதற்கு டெஸ்டும் எழுதி வைத்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். "படிக்கச் சுலபமாக இருக்கும்" என்று பதில் போட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே ஒட்டவில்லை. வெறும் அழகுக்குத்தான் என்றால் அதை நீக்கிவிடுவதே முறை. அழகைத் தாண்டி அந்தக் கோடுகளில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது, என்ன என்றுதான் வாய்க்கு வரவில்லை. கொஞ்ச நாள் அதையே சுற்றிச் சுற்றி யோசித்ததில் வந்து சேர்ந்தவை இவை.

முதலில் ஒரு சின்ன மரம். பேச்சுக்கு ஒரு கன்ஃபிக், அதாவது ஒரு நிரலின் அமைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர்
├── டேட்டாபேஸ்
│   ├── போர்ட்: 5432
│   └── டைம்அவுட்: 30
└── கேஷ்
    ├── போர்ட்: 6379
    └── டைம்அவுட்: 5

இதையே இன்டென்ட் மட்டும் வைத்து எழுதினாலும் எது எதற்குள் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்படியானால் கோடு கூடுதலாக என்ன சொல்கிறது? 'டேட்டாபேஸ்' வரியின் முன்னால் இருப்பது ├. 'கேஷ்' வரியின் முன்னால் இருப்பது └. முதலாவது, "எனக்குப் பின்னால் தம்பி ஒருவன் வருகிறான்" என்கிறது. இரண்டாவது, "நான்தான் கடைக்குட்டி" என்கிறது. போர்ட் 5432 வரிக்கு இடது ஓரத்தில் நிற்கும் │ அந்த வரியைப் பற்றியதே அல்ல. அதன் அப்பாவுக்கு இன்னும் ஒரு தம்பி கீழே காத்திருக்கிறான் என்ற செய்தி அது. 6379 வரிக்கு இடதுபுறம் வெற்றிடம், ஏனென்றால் அந்தக் கிளைக்குப் பிறகு யாரும் இல்லை.

இன்டென்ட் சொல்வது ஒரே ஒரு எண். நீ எத்தனை படி உள்ளே இருக்கிறாய் என்பது மட்டும். மேலிருந்து கீழே இறங்கி வந்த ஆழத்தை எண்ணினாலே அதைப் போட்டுவிடலாம். கோடு போட அது போதாது. வேரிலிருந்து இந்தக் கணு (மரத்தின் ஓர் உறுப்பு) வரை உள்ள ஒவ்வொரு மூதாதையும் தன் வீட்டில் கடைசிப் பிள்ளையா இல்லையா என்பது தெரிந்திருக்க வேண்டும், அதாவது படிக்கு ஒரு பிட், ஒரு ஆம்-இல்லை. எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ரிகர்ஷனுக்குள் (ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது) ஆழம் என்ற எண்ணைக் கடத்த ஆரம்பிப்போம், பாதியில் அது பத்தவில்லை என்று தெரியும், அப்புறம் எண்ணைத் தூக்கிவிட்டு ஒரு ஸ்ட்ரிங்கையே, அதாவது எழுத்துச் சரத்தையே, கடத்துவோம். கடைசிப் பிள்ளையாக இருந்தால் அந்த ஸ்ட்ரிங்கோடு நான்கு ஸ்பேஸ், இல்லையென்றால் ஒரு │, அதன் பின் மூன்று ஸ்பேஸ். அவ்வளவுதான் மொத்த ரகசியமும். ஆனால் அந்த மாற்றத்தில் வேலையின் குணமே மாறிவிடுகிறது. இன்டென்ட் போட நடந்து வந்த வழி தெரிந்தால் போதும். கோடு போட இன்னும் வராதது தெரிந்திருக்க வேண்டும்.

தொங்கும் கோடு

இதனால் வரும் ஒரு பிழையை மரம் வரையும் நிரல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆப்ஜெக்டின் விசைகளை எடுத்து ஒரு லூப் ஓடுகிறது. கடைசி எண் வந்தால் └, மற்றதற்கு ├. லூப்புக்குள்ளே, "மதிப்பு ஃபங்ஷனாக இருந்தால் விட்டுவிடு" என்று ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்டின் ஜேசான் மாற்றியும் ஃபங்ஷன்களை இப்படித்தான் சத்தமில்லாமல் விட்டுவிடும், அதனால் யாருக்கும் இது உறுத்தாது. கடைசி விசை ஃபங்ஷனாக இருக்கிற நாளில் படம் இப்படி வரும்:

டேட்டாபேஸ்
├── போர்ட்: 5432
├── ரீட்ரை
│   ├── முறை: 3
│   └── இடைவெளி: 200

அவ்வளவுதான், கீழே எதுவும் இல்லை. இடது ஓரக் கோடு யாரையோ கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் நின்றுவிட்டது. இன்டென்ட் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை, ஏனென்றால் இன்டென்ட் எதையும் வாக்குக் கொடுப்பதில்லை. வடிகட்டுவதை முதலில் முடித்துவிட்டு, மிஞ்சியதில் கடைசி யார் என்று கேட்க வேண்டும். பட்டியலாக இல்லாமல் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும் தரவு என்றால் ஒன்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தது வருகிறதா என்று பார்த்த பிறகே கையில் உள்ளதை அச்சிட வேண்டும். எப்போதும் ஓர் அடி பின்தங்கி நடக்கிற வேலை.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு பழைய குழியும் உண்டு. நல் என்ற வெறுமையின் வகையைக் கேட்டால் அது 'ஆப்ஜெக்ட்' என்றே பதில் சொல்லும், 1995-ல் மொழி பிறந்த காலத்திலிருந்து இப்படித்தான். அதை நம்பி உள்ளே இறங்கி விசைகளைக் கேட்டால் நிரல் விழும். விழாமல் தடுத்துவிட்டு ஒன்றும் அச்சிடாமல் விட்டாலோ இன்னும் மோசம்: காலி ஆப்ஜெக்டும் நல்லும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். எண் 5-ம் ஸ்ட்ரிங் "5"-ம் அப்படியே. மேற்கோள் குறியைத் 'தேவையில்லை' என்று எடுத்துவிடும் கருவிகளை நான் நம்புவதில்லை.

எழுத்துகளின் விவகாரம்

இந்தக் கோடுகள் எல்லாம் எழுத்துகள்தான், படங்கள் அல்ல என்பது பலருக்கு மறந்துபோகிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பான கோட் பேஜ் 437-லேயே ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் மூலைகளும் இருந்தன. யூனிகோடில் பெட்டி வரைவதற்கென்றே 128 எழுத்துகள் கொண்ட தனித் தொகுதி உண்டு. கோப்புறைகளை மரமாகக் காட்டும் விண்டோஸின் ட்ரீ கட்டளையில் '/ஏ' என்று கொடுத்தால் இவற்றை விட்டுவிட்டு வெறும் கூட்டல் குறியும் சாய்கோடும் வைத்து வரையும். லினக்ஸில் நாம் பயன்படுத்தும், ஸ்டீவ் பேக்கர் எழுதிய ட்ரீ கட்டளையிலும் அப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு விஷமம் இருக்கிறது. யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) வெளியீட்டில் │ எழுத்துக்கு அடுத்து அது வைப்பது சாதாரண ஸ்பேஸ் அல்ல, வரி உடையாத ஸ்பேஸ். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதை நகலெடுத்து ஒட்டி, மூன்று ஸ்பேஸ் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. ஒரு மதிய நேரம் அதில் கரைந்துபோகப் போதுமானது.

தமிழ் விசைகளையும் மதிப்புகளையும் அச்சிடுகிறவர்களுக்கு மரம் ஒரு உதவி செய்கிறது. 'தொகுப்பு' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிலோ பைதானிலோ நீளம் கேட்டால் 8 என்று வரும். டெர்மினல் அதற்கு ஒதுக்கும் கட்டங்களின் எண்ணிக்கை மூன்றாவதாக வேறொன்றாக இருக்கலாம். அதனால்தான் தமிழில் அட்டவணை அச்சிட்டால் வலது பக்கக் கோடு பல்லிளிக்கும். மரத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கோடுகள் எல்லாமே சொல்லுக்கு இடது பக்கத்தில், சொல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது யாரையும் தள்ளுவதில்லை. ஆசைப்பட்டு, மதிப்பின் வகையை வலது ஓரமாக ஒரே நேர்க்கோட்டில் அடுக்கலாம் என்று ஆரம்பித்தீர்களோ, பழைய குடைச்சல் திரும்பி வந்துவிடும்.

இரண்டு கிளை, ஒரு பொருள்

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலை. என் எண்ணத்தை உண்மையில் திருப்பியது வேறொரு சம்பவம்.

நாங்கள் பராமரித்த ஒரு நிரலில் டேட்டாபேஸுக்கும் கேஷுக்கும் தனித்தனி அமைப்புகள் இருந்தன. இரண்டிலும் 'ரீட்ரை' என்ற உள் ஆப்ஜெக்ட்: இணைப்பு விழுந்தால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும், நடுவில் எத்தனை மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும் என்று. சோதனைச் சூழலில் கேஷ் சீக்கிரம் தோற்றுப்போகட்டும் என்று யாரோ அதன் முறையை 3-லிருந்து 1 ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து டேட்டாபேஸ் இணைப்பும் ஒரே முயற்சியில் கையை விரித்தது. மாற்றுவதற்கு முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம் அச்சிட்டுப் பார்த்தோம். பின்னால் வந்தது இது:

சர்வர்
├── டேட்டாபேஸ்
│   ├── போர்ட்: 5432
│   └── ரீட்ரை
│       ├── முறை: 1
│       └── இடைவெளி: 200
└── கேஷ்
    ├── போர்ட்: 6379
    └── ரீட்ரை
        ├── முறை: 1
        └── இடைவெளி: 200

"கேஷில் மட்டும்தானே மாற்றினோம்? படம் தப்பா காட்டுதோ?" என்றார் பக்கத்தில் இருந்தவர். படத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரி. ஒவ்வொரு விசையும் சரி. நிரல் தொடங்கும்போது முன்னிருப்பாக ஒரே ஒரு ரீட்ரை ஆப்ஜெக்டை உருவாக்கி, அதையே இரண்டு இடத்திலும் கோத்துவிட்டிருந்தார்கள். நினைவகத்தில் இருந்தது ஒன்று. படத்தில் தெரிந்தது இரண்டு. எழுத்தில் எங்கேயும் பொய் இல்லை, உருவத்தில் இருந்தது. மரம் என்று வரைந்த உடனேயே "ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அப்பா" என்று சொல்லியாகிவிட்டது. அதை யாரும் நிரலில் எழுதவில்லை, ├ என்ற எழுத்தே அதைச் சொல்லிவிடுகிறது.

அந்த இடத்தில் ரிவ்யூவில் கேட்ட கேள்வி இன்னும் வலுவாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜேசானும் இதே ரீட்ரையை இரண்டு முறை விரித்துத்தான் காட்டியிருக்கும். பொய்யில் இரண்டும் சமம் என்றால் எதற்கு மரம்? ஆனால் ஜேசானில் "இது அங்கே இருப்பதேதான்" என்று சொல்ல இலக்கணமே இல்லை. அதை இன்னொரு இயந்திரம் படிக்க வேண்டும், இஷ்டத்துக்கு ஒரு குறியைப் போட முடியாது. ஜேசான் போன்ற இன்னொரு வடிவமான யாமலில் அதற்கு வழி உண்டு: & போட்டுப் பெயர் வைத்து, * போட்டுச் சுட்டலாம். பைதானின் பையாமல் நூலகம் பகிர்ந்த ஆப்ஜெக்டைப் பார்த்தால் தானாகவே அப்படி எழுதும். வேடிக்கை என்னவென்றால், அது அசிங்கமாக இருக்கிறது என்று அதை அணைத்து வைப்பவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். மரப்படத்தை மனிதர்கள் மட்டுமே படிக்கிறார்கள், அதில் எந்தக் குறியையும் சேர்க்கலாம். எனக்கு அந்தச் சுதந்திரம்தான் அந்த ஃபங்ஷனைக் காப்பாற்றிய காரணம்.

பார்சல் பார்சலாக நூலகங்களைச் சேர்க்கும் கருவிகள் இதை முன்பே செய்துகொண்டிருக்கின்றன. ரஸ்ட் மொழியின் 'கார்கோ ட்ரீ', முன்பே விரித்துக் காட்டிய நூலகம் மறுபடி வந்தால் பெயருக்குப் பக்கத்தில் (*) போட்டு அங்கேயே நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு நூலகம் சேர்க்கும் என்பிஎம்மின் பட்டியலிலும் அதே வேலைக்கு 'டீட்யூப்டு' (இரட்டிப்பு நீக்கியது) என்ற சொல் வரும். அங்கே நோக்கம் நீளத்தைக் குறைப்பதாக இருக்கலாம். பலன், படம் உண்மைக்கு ஓர் அடி கிட்டே வருவது.

பார்த்ததும், பாதையும்

மொழிகள் சுழற்சியை மட்டும் கண்டுகொள்கின்றன, பகிர்வைக் கண்டுகொள்வதில்லை. ஒரு ஆப்ஜெக்ட் தன்னையே உள்ளே வைத்திருந்தால் ஜாவாஸ்கிரிப்டின் ஜேசான் மாற்றி டைப்எரர் வீசும். பைதானின் ஜேசான் நூலகம் வேல்யூஎரர் வீசும். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் கன்சோல் 'சர்குலர்' என்று அடையாளம் போடும். ஆனால் ஒரே பொருள் இரண்டு இடத்தில் தொங்கினால் இவர்களில் யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அதனால் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஆபத்து இல்லை. அவர்களுக்குத் தேவை லூப்பிலிருந்து தப்பிப்பது மட்டும்தான்.

இரண்டையும் பிரிக்க இரண்டு கணக்கு வேண்டும். இப்போது நின்றுகொண்டிருக்கும் பாதையில் உள்ள ஆப்ஜெக்ட்கள் ஒரு தொகுப்பு. இதுவரை எங்காவது பார்த்த ஆப்ஜெக்ட்கள் இன்னொரு தொகுப்பு. உள்ளே இறங்கும்போது பாதையில் சேர்த்து, மேலே ஏறும்போது எடுத்துவிட வேண்டும். பாதையில் இருப்பது மறுபடி வந்தால் அது சுழற்சி. பாதையில் இல்லை, ஆனால் பார்த்ததில் இருக்கிறது என்றால் அது பகிர்வு. ஒரே தொகுப்பை வைத்துச் சமாளிக்கும் நிரல் ஒன்று, பகிர்வையெல்லாம் சுழற்சி என்று கத்தும். இல்லையென்றால் பகிர்வே தெரியாது. பைதானில் ஒரு எச்சரிக்கை: ஐடி எண்ணை வைத்து அடையாளம் காண்கிறோம் என்றால், நடக்கும் வழியில் தற்காலிகமாக உருவாக்கி விட்டுவிட்ட ஆப்ஜெக்டின் எண் அடுத்ததற்குக் கிடைக்கலாம். அப்போது சம்பந்தமே இல்லாத இரண்டு உறவாகிவிடும். பார்த்த ஆப்ஜெக்டையே பிடித்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. எண்களையும் ஸ்ட்ரிங்குகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது; மாற்ற முடியாதது எத்தனை இடத்தில் இருந்தால் யாருக்கு என்ன?

அப்புறம் எண் போடுவது. இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் பகிர்வு என்று தெரிகிறது, ஆனால் முதல் முறை அச்சிட்ட வரிக்கும் பெயர் வைத்திருக்க வேண்டும். அது ஏற்கெனவே திரைக்குப் போய்விட்டது. ஆக அச்சிடுவதற்கு முன் ஒருமுறை முழுக்க நடந்து எண்ணிவிட வேண்டியிருக்கிறது. ├ போடவா └ போடவா என்று அடுத்ததை எட்டிப் பார்த்த அதே பிரச்சினை, இங்கே ஒரு பிள்ளை அளவுக்கு இல்லாமல் மரம் அளவுக்குப் பெரிதாகி நிற்கிறது.

சர்வர்
├── டேட்டாபேஸ்
│   ├── போர்ட்: 5432
│   └── ரீட்ரை #1
│       ├── முறை: 1
│       └── இடைவெளி: 200
└── கேஷ்
    ├── போர்ட்: 6379
    └── ரீட்ரை → #1

இப்படி வந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பெரிய தரவுக்கு வெட்டவும் வேண்டும். நோட்.ஜேஎஸ் கன்சோல் தானாக இரண்டு படிக்கு மேல் இறங்காது, 'ஆப்ஜெக்ட்' என்று அடைப்புக்குள் போட்டு நிறுத்திவிடும். அரேயில் 100 வரை காட்டிவிட்டு மீதி எத்தனை என்று சொல்லும். எரிச்சலாக இருந்தாலும் அது நேர்மை. வெட்டிய இடத்தைச் சொல்லாமல் நிறுத்தும் கருவிகள் கிளையை இலையாக்கிவிடுகின்றன. "… இன்னும் 400" என்ற வரிக்கும் ஒரு கோடு வேண்டும், அது └ ஆகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கிளையின் கடைக்குட்டி இப்போது அந்த வரிதான்.

டெஸ்ட் கோப்பில் மட்டும் வேண்டாம்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு இடத்தில் நான் கோடுகளை எடுத்துவிட்டேன். வெளியீட்டை அப்படியே கோப்பில் சேமித்து, அடுத்த முறை ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்ட்களில். மேலே உள்ள மரத்தில் கேஷுக்கு அடுத்த தம்பியாக 'லாக்' என்று ஒரே ஒரு விசை சேருங்கள். கேஷ் இனி கடைக்குட்டி இல்லை, அதன் └ இப்போது ├ ஆக வேண்டும். அதன் கீழே உள்ள இரண்டு வரிக்கும் இடது ஓரத்தில் │ முளைக்கும். சேர்த்தது ஒரு வரி, கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) காட்டும் வித்தியாசமோ மூன்று வரி நீக்கம், நான்கு வரி சேர்ப்பு. கேஷுக்குள் ஐம்பது வரி இருந்தால் ஐம்பதும் மாறும். கோடு வரப்போவதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கு இதுதான் விலை: வரப்போவது மாறினால் ஏற்கெனவே எழுதியதும் மாறும். இன்டென்ட் மட்டும் இருந்தால் வித்தியாசம் ஒரே ஒரு வரி.

அதனால் அதே ஃபங்ஷனுக்கு ஒரு தெரிவு சேர்த்தாகிவிட்டது: டெஸ்டுக்கு இன்டென்ட், திரைக்குக் கோடு. #1, #2 எண்களும் டெஸ்டுக்கு ஆகாது, முன்னால் புதிதாக ஒரு பகிர்வு வந்தால் எல்லா எண்ணும் நகரும். அங்கே எண்ணுக்குப் பதில் முதலில் பார்த்த இடத்தின் பாதை, '→ டேட்டாபேஸ்.ரீட்ரை' என்று. விசைகளின் வரிசை மாறினால் எது முதலில் என்பதும் மாறும் என்பதால் டெஸ்டில் மட்டும் அகர வரிசை. திரையில் நான் வரிசையைத் தொடுவதில்லை. பைதான் 3.7 முதல் டிக்ஷனரிகள் சேர்த்த வரிசையைக் காப்பாற்றுகின்றன. எழுதியவர் போர்ட்டை முதலில் வைத்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எண் போலத் தெரியும் விசைகள் மட்டும் யாரையும் கேட்காமல் ஏறுவரிசையில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு ஆப்ஜெக்டுக்குப் பதில் மேப் என்ற அமைப்பைப் பயன்படுத்துவதைத் தவிர வழியில்லை.